ஈர்ப்பு எங்கே கூடும், எங்கே குறையும்: டர்பனிலிருந்து லெனேசியா வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அளவு திருத்திய மின்னணுத் தராசை என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க்குக் கொண்டுபோய், அதே 10 கிலோ அரிசி மூட்டையை அதன்மேல் வைத்தால் சுமார் 9.992 கிலோ என்று காட்டும். மூட்டையில் ஓட்டை இல்லை, தராசும் கெட்டுப்போகவில்லை, அரிசியில் ஒரு மணிகூடக் குறையவில்லை. பூமி அந்த மூட்டையை இழுக்கும் இழுப்புதான் குறைந்திருக்கிறது. தராசின் உள்ளே இருக்கும் லோட் செல் என்ற விசை உணரி அந்த இழுப்பை மட்டுமே உணரும். டர்பனில் சொல்லிக்கொடுத்த கணக்கை வைத்து அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இந்த 8 கிராம் எங்கே போனது என்று புரிந்துவிட்டால் ஈர்ப்பைப் பற்றிப் பள்ளியில் படிக்க வேண்டியதில் பெரும்பகுதி புரிந்துவிடும். இரண்டு பொருள்களுக்கு இடையே ஈர்ப்பு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை இரண்டே சங்கதிகள்: அவற்றின் நிறை, அவற்றுக்கு இடையே உள்ள தூரம். ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட விதி இது:

விசை = ஈர்ப்பு மாறிலி × முதல் நிறை × இரண்டாம் நிறை ÷ (தூரம் × தூரம்)

நிறையைக் கிலோகிராமிலும் தூரத்தை மீட்டரிலும் போட்டால் விசை நியூட்டனில் வரும். ஈர்ப்பு மாறிலி 6.674 × 10⁻¹¹. தசமப் புள்ளிக்குப் பின் பத்து சுழியம் போட்டு அதற்கப்புறம் 6674 என்று எழுதினால் எவ்வளவு சிறிய எண்ணோ அவ்வளவு சிறியது.

இந்த வரியில் என்னென்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். பொருள் ஈயமா பஞ்சா என்பது இல்லை. சூடு இல்லை, காந்தம் இல்லை, நடுவில் காற்றோ சுவரோ இருக்கிறதா என்ற கேள்வி இல்லை. ‘காற்றுமண்டலம்தான் நம்மைத் தரையில் அழுத்தி வைத்திருக்கிறது’ என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. நிலாவில் காற்றே கிடையாது, ஆனாலும் அங்கே கல்லைக் கைவிட்டால் விழத்தான் செய்யும். அங்கே ஈர்ப்பு முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடும் அளவு, 1.62 மீ/வி². நம் இழுப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஈர்ப்பைத் தடுத்து நிறுத்தும் பலகையோ தகடோ இதுவரை யாரும் கண்டதில்லை.

நிறையின் பங்கு

நிறை விஷயம் எளிது. ஒரு பொருளின் நிறையை இரண்டு மடங்காக்கினால் விசையும் இரண்டு மடங்கு. இரண்டையுமே இரட்டித்தால் நான்கு மடங்கு. இழுப்பு எப்போதும் இருபக்கமும் சமம்: பூமி உங்களை 685 நியூட்டனால் இழுத்தால் நீங்களும் பூமியை அதே 685 நியூட்டனால் இழுக்கிறீர்கள். 70 கிலோ உள்ள நீங்கள் அதனால் விழுவீர்கள். பூமியின் நிறை 5.97 × 10²⁴ கிலோ என்பதால் அது அசைவது தெரியாது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுக்கிறது என்றால் அது வேகமாக விழ வேண்டாமா? வேண்டாம். 5 கிலோ கல்லை 1 கிலோ கல்லைவிட ஐந்து மடங்கு விசையோடு பூமி இழுக்கிறது, சரி. ஆனால் அந்தக் கல்லை நகர வைக்கவும் ஐந்து மடங்கு விசை வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவின் தரையில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. இங்கே இறகு மெதுவாக விழுவது காற்று தடுப்பதால்தான்.

அப்படியானால் பக்கத்தில் நிற்பவர் நம்மை ஏன் இழுப்பதில்லை? இழுக்கிறார், மாறிலி சின்னது என்பதால் தெரிவதில்லை. 70 கிலோ உள்ள இருவர் 1 மீட்டர் தள்ளி நின்றால் விசை 0.00000033 நியூட்டன். அது ஒரு கிராமின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கின் எடை. டர்பன் துறைமுகத்தில் ஆளுக்கு 1,00,000 டன் உள்ள இரண்டு கப்பல்கள், மையத்துக்கு மையம் 100 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 67 நியூட்டன் வரும். கடைக்காரர் கையில் தூக்கும் 7 கிலோ மாவுப் பை அளவுக்கான இழுப்பு! இதுவும் கொஞ்சம் மிகைதான். இவ்வளவு பெரிய கப்பல் 250, 300 மீட்டர் நீளம் இருக்கும்; அதன் இரு முனைகளும் எதிர்க் கப்பலின் நடுப்பகுதியிலிருந்து 100 மீட்டருக்கு வெகு அப்பால் இருக்கின்றன. விதியில் ‘தூரம்’ என்பது மையங்களுக்கு இடையே உள்ள தூரம் என்று எடுத்துக்கொள்வது உருண்டையான பொருளுக்கோ, பொருளின் அளவைவிடத் தூரம் மிகப் பெரிதாக இருக்கும்போதோ மட்டும்தான் சரிவரும். மற்ற நேரத்தில் பொருளைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியே கணக்குப் போட்டுக் கூட்ட வேண்டும்.

இவ்வளவு சின்ன விசையை அறைக்குள் முதலில் அளந்தவர் ஹென்றி கேவண்டிஷ், 1798-இல். 1.8 மீட்டர் நீளக் கட்டையின் இரு முனையிலும் 0.73 கிலோ ஈயக் குண்டுகளைக் கட்டி மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் 158 கிலோ ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்தார். கம்பி முறுக்கிக்கொண்ட அளவிலிருந்து பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு என்று கண்டார். இன்றைய கணக்கு 5.51. அறைக்குள் ஆள் நின்றால் உடல் சூட்டில் காற்று கிளம்பிக் கட்டையை அசைத்துவிடும் என்று வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் படித்தார். இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் இயற்பியலின் அடிப்படை மாறிலிகளிலேயே மிகக் குறைந்த துல்லியத்தில் தெரிந்தது இந்த ஈர்ப்பு மாறிலிதான். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இன்றும் கடைசி இலக்கங்களில் ஒத்துப்போவதில்லை.

தூரத்தின் பங்கு

தூரத்தில்தான் வில்லங்கம். தூரம் இரட்டித்தால் விசை பாதியாகாது, கால் பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று, பத்து மடங்கானால் நூறில் ஒன்று. விளக்கிலிருந்து தள்ளிப் போகப்போக அதே வெளிச்சம் இன்னும் பெரிய கோளப் பரப்பில் பரவ வேண்டியிருப்பதைப் போலத்தான் இதுவும். ஆரம் இரட்டித்தால் கோளத்தின் பரப்பு நான்கு மடங்கு.

அடுத்தது, தூரத்தை எங்கிருந்து அளப்பது? தரையிலிருந்து அல்ல, பூமியின் மையத்திலிருந்து. தரையில் நிற்கும்போதே நீங்கள் 6,371 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறீர்கள். டிராக்கன்ஸ்பர்க் மலையில் ஏறி 3 கிலோமீட்டர் உயரம் போனால் 6,371 என்பது 6,374 ஆகும். அதனால்தான் மலை உச்சியில் யாரும் இலேசாக உணர்வதில்லை. விண்வெளி நிலையம் பறக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில்கூடத் தரையில் இருக்கும் ஈர்ப்பில் 89 சதவீதம் மிச்சம் இருக்கிறது. அங்கே ஆட்கள் மிதப்பதற்குக் காரணம், நிலையமும் ஆளும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதுதான். ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் சுற்றவே சுற்றாது, நேராகப் போய்விடும்.

தூரத்தின் வலிமைக்குச் சனிக் கோள் நல்ல உதாரணம். நிறை பூமியைப் போல 95 மடங்கு. ஆனால் ஆரமும் 9.4 மடங்கு, அதன் இருமடி 89. எனவே சனியின் மேகப் பரப்பில் உங்கள் எடை இங்கே இருப்பதைவிட ஏழெட்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். செவ்வாயில் நிறை பூமியில் பத்தில் ஒன்று, ஆரம் பாதிக்குக் கொஞ்சம் மேல். இழுப்பு 38 சதவீதம். நிறையை மட்டும் பார்த்து எடையை ஊகிப்பது ஒவ்வொரு முறையும் காலை வாரிவிடும்.

11-ஆம் வகுப்பு இயற்பியலில் இந்தக் கணக்கு வரும், தவறுகளும் ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான். 500 கிலோ செயற்கைக்கோள் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, விசை என்ன? முதலில் உயரத்தோடு பூமியின் ஆரத்தைக் கூட்டுங்கள்: 6,771 கிலோமீட்டர். அதை மீட்டராக்குங்கள்: 6.771 × 10⁶. இருமடியாக்குங்கள்: 4.585 × 10¹³. மேலே மாறிலி × 5.972 × 10²⁴ × 500 = 1.993 × 10¹⁷. வகுத்தால் சுமார் 4,350 நியூட்டன். ஆரத்தைக் கூட்ட மறந்து 400 கிலோமீட்டரை மட்டும் போட்டால் பன்னிரண்டரை லட்சம் நியூட்டன் வரும். தரையிலேயே அதன் எடை 4,900 நியூட்டன்தான் என்று தெரிந்திருந்தால் அந்த விடையை எழுதும்போதே கை நின்றுவிடும். மேலே போனால் குறையத்தான் வேண்டும். இருமடியாக்க மறப்பது, கிலோமீட்டரிலேயே விட்டுவிடுவது இரண்டும் அடுத்த பழக்கப்பட்ட தவறுகள். அவற்றையும் இந்த ஒரே சோதனை காட்டிக்கொடுக்கும்.

அந்த 8 கிராம்

இப்போது தராசுக்கு வருவோம். ஈர்ப்பு முடுக்கம் டர்பனில் சுமார் 9.793, ஜோகன்னஸ்பர்க்கில் சுமார் 9.785. வித்தியாசம் 0.008. இது இரண்டு வழியில் வருகிறது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மையத்திலிருந்து அவ்வளவு தூரம் கூடுதல். மீட்டருக்கு 0.000003086 வீதம் குறைந்தால் மொத்தம் 0.0054. மீதி 0.0027 அட்சரேகையால் வருவது. டர்பன் தெற்கே 30 பாகையில், ஜோகன்னஸ்பர்க் 26 பாகையில். பூமி சுழல்வதால் நடுக்கோட்டில் பிதுங்கியிருக்கிறது, அங்கே ஆரம் துருவத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். வடக்கே போகப்போக மையத்திலிருந்து விலகுகிறோம், சுழற்சி வெளியே வீசுவதும் கூடுகிறது. சுழற்சியின் பங்கு உண்மையில் ஈர்ப்பு அல்ல, ஆனால் தராசுக்கு அந்த வேறுபாடு தெரியாது, இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். நடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832 என்று புத்தகங்களில் இருப்பது இந்தக் கூட்டுக் கணக்கு.

ஜோகன்னஸ்பர்க்கின் அடியில் இருக்கும் மேட்டுநிலப் பாறையும் இழுக்குமே என்று கேட்கலாம். இழுக்கும். ஆனால் அந்த மேட்டை ஆழத்தில் இலேசான பாறைதான் தாங்கிக்கொண்டிருக்கிறது, அங்கே இருக்கும் குறை மேலே இருக்கும் கூடுதலைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும்.

கடைக்காரருக்கு இதில் வேலை உண்டு. 100 கிராம் தங்கத்தில் 0.08 கிராம் குறைந்து காட்டும். தராசை ஊர் மாற்றினால் அந்த இடத்திலேயே நிறை தெரிந்த படிக்கல்லை வைத்து மறுபடி அளவு திருத்த வேண்டும். இருதட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு தட்டில் அரிசி, மறு தட்டில் படிக்கல். ஈர்ப்பு மாறினால் இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாறும்.

வீட்டிலேயே உங்கள் ஊரின் ஈர்ப்பை அளக்க ஓர் ஊசல் போதும். தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டு ஒன்று, நீளாத நூல், அலைபேசியில் இருக்கும் நிறுத்து கடிகாரம். தொங்கும் இடத்திலிருந்து குண்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர் வையுங்கள். ஒரு சாண் அளவுக்கும் குறைவாகப் பக்கவாட்டில் இழுத்து, தள்ளாமல் விடுங்கள். போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு. 20 அலைவுக்கு நேரம் பாருங்கள், 40.2 விநாடிக்குப் பக்கத்தில் வரும். அதை 20-ஆல் வகுத்து, இருமடியாக்கி, 39.48-ஐ அதனால் வகுத்தால் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். நூல் நீளம் 1 மீட்டர் இல்லையென்றால் அந்த நீளத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

விடை 8.9 என்றோ 10.8 என்றோ வந்தால் எண்ணிக்கை பிசகியிருக்கிறது. விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் நீங்கள் அளப்பது 19 அலைவு, 20 அல்ல. அந்த ஒன்றே பத்து சதவீதப் பிழை. ‘பூஜ்யம்’ என்று சொல்லி விடுங்கள். நீளத்தைக் குண்டின் மேல்முனை வரை அளந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சதவீதம் போகும். 30 பாகை வரை இழுத்துவிட்டால் அலைவு நேரம் 1.7 சதவீதம் நீண்டு, விடை 3 சதவீதத்துக்கு மேல் குறைந்து வரும். டர்பன், ஜோகன்னஸ்பர்க் வித்தியாசம் இதில் தெரியாது. 20 அலைவில் அது 0.016 விநாடிதான், விரல் அழுத்தும் பிழையே அதைவிடப் பெரிது. ஆனால் டர்பனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம் ஜோகன்னஸ்பர்க்கில் நாளுக்கு 35 விநாடி பின்தங்கும். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன கடிகாரம் நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி நடுவில் பிதுங்கியது என்ற முடிவுக்கு நியூட்டனுக்குக் கிடைத்த சான்றுகளில் அதுவும் ஒன்று.

சுரங்கத்துக்குள் இறங்கினால்

கீழே போகப்போக ஈர்ப்பு குறையும், மையத்தில் பூஜ்யம் என்று படித்திருப்பீர்கள். மையத்தில் பூஜ்யம் என்பது சரி. போகும் வழி அப்படி இல்லை. கார்ல்டன்வில் பக்கம் உள்ள ம்போனெங் தங்கச் சுரங்கம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழம் போகிறது. அதன் அடியில் ஈர்ப்பு கூடுகிறது! 70 கிலோ ஆளைத் தரையில் அளவு திருத்திய தராசில் அங்கே நிறுத்தினால் சுமார் 23 கிராம் அதிகம் காட்டும்.

காரணம் அதே இரண்டு சங்கதிகள்தான். உங்களுக்கு மேலே தங்கிவிட்ட 4 கிலோமீட்டர் ஓடு மொத்தத்தில் உங்களை எந்தப் பக்கமும் இழுக்காது. சுற்றிலும் எல்லாத் திசையிலும் இருப்பதால் அதன் இழுப்புகள் தமக்குள்ளேயே அடிபட்டுப்போகும், இதையும் நியூட்டனே நிறுவினார். ஆகவே இழுக்கும் நிறை 0.092 சதவீதம் குறைகிறது. இன்னொரு பக்கம் மையத்துக்கு 4 கிலோமீட்டர் நெருங்கிவிட்டீர்கள். அதனால் 0.126 சதவீதம் கூடுகிறது. மிச்சம் 0.033 சதவீத லாபம். மேலோட்டுப் பாறையின் அடர்த்தி 2.7, பூமியின் சராசரி 5.5 என்பதால்தான் இந்த லாபம். மேலே விட்டுவந்த பாறை இலேசு, கனமெல்லாம் அடியில் இருக்கும் இரும்பு மையக்கருவில். பூமி முழுவதும் ஒரே அடர்த்தி என்றிருந்தால் மட்டுமே பள்ளிப் புத்தகத்தின் நேர்கோடு சரி. உண்மையில் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், மையக்கருவின் விளிம்பில், ஈர்ப்பு 10.7 வரை ஏறி, அதன் பிறகுதான் இறங்கத் தொடங்குகிறது.

மலை இழுத்த குண்டு

கேப் டவுன் பக்கம் இதே விதி ஒரு பெரிய விஞ்ஞானியைத் திசைதிருப்பியது. பிரெஞ்சு வானியலாளர் நிகோலா லூயி தெ லக்காய் 1751-இல் கேப்புக்கு வந்து, அடுத்த ஆண்டு அங்கிருந்து வடக்கே ஆரோரா பக்கம் வரை நிலத்தை அளந்தார். ஒரு பாகை அட்சரேகை தரையில் எத்தனை நீளம் என்று பார்த்தால் பூமியின் வடிவம் தெரியும். அவருக்கு வந்த விடை விநோதமாக இருந்தது: தென்பாதி வடபாதியைப் போலில்லாமல் நீண்டிருப்பதாகத் தோன்றியது.

அவர் அளந்ததில் கவனக்குறைவு ஏதும் இல்லை. அட்சரேகையைக் கண்டுபிடிக்க நட்சத்திரங்களை நேர் உச்சியோடு ஒப்பிட வேண்டும். எது நேர் உச்சி என்று சொல்வது தூக்குக்குண்டு. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே குண்டுதான். அதைப் பூமி கீழே இழுக்கிறது. பக்கத்தில் மலை இருந்தால் அதுவும் பக்கவாட்டில் கொஞ்சம் இழுக்கும். 1820-இல் கேப்புக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இந்திய நில அளவையில் வேலை பார்த்தவர், இதைத்தான் சந்தேகித்தார். தெற்கு முனையில் டேபிள் மவுண்டன், வடக்கு முனையில் பிக்கெட்பர்க் மலைகள். வானியலாளர் தாமஸ் மக்லியர் 1840-களில் மறுபடி அளந்து, நீட்டி, எவரெஸ்டின் சந்தேகம் சரியே என்று காட்டினார்.

எவ்வளவு இழுத்திருக்கும்? மலையின் நிறை ஆயிரம் கோடி டன், அதன் மையம் 3 கிலோமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொண்டால் பக்கவாட்டு முடுக்கம் 0.00007 மீ/வி². குண்டு ஒன்றரை வில்விநாடி சாயும். ஒரு பாகையில் 3,600 வில்விநாடி. கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான், ஆனால் ஒரு வில்விநாடி தரையில் 31 மீட்டர். பூமியின் வடிவத்தைத் தேடுபவருக்கு அது போதும், பேரிக்காய் மாதிரி ஒரு பூமி கிடைத்துவிடும்.

நிலாவும் சூரியனும்

சூரியன் பூமியை நிலாவைவிட 178 மடங்கு பலமாக இழுக்கிறது. அப்படியும் டர்பன் கடற்கரையில் ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை, நடத்துவது முக்கியமாக நிலாதான். ஓதத்துக்கு இழுப்பு முக்கியமில்லை. பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இழுப்பில் உள்ள வித்தியாசம் முக்கியம். அந்த வித்தியாசம் தூரத்தின் மும்மடியில் குறையும். சூரியன் நிலாவைவிட 389 மடங்கு தொலைவு என்பதால் அதன் பங்கு நிலாவினதில் பாதிக்கும் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் வரும்போது டர்பனில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 2 மீட்டரை எட்டும்.

கடல் மட்டுமல்ல, தரையும் இதேபோல் இலேசாக ஏறி இறங்குகிறது, அங்கே ஈர்ப்பும் கொஞ்சம் மாறுகிறது. வட கேப்பில் சதர்லாந்து ஊருக்கு அருகே இதைப் போன்ற மாற்றங்களை அளக்க 2000-ஆம் ஆண்டு முதல் மீக்கடத்து ஈர்ப்புமானி (ஈர்ப்பை மிக நுட்பமாக அளக்கும் கருவி) ஒன்று வேலை செய்கிறது. திரவ ஹீலியத்தின் குளிரில், காந்தப் புலத்தில் மிதக்கும் நியோபியம் உருண்டைதான் அதன் உள்ளம். ஈர்ப்பின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு மாறினாலும் அதற்குத் தெரியும்.

லெனேசியாவின் அடியில்

ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவின் சில பகுதிகள், மேற்கே கார்ல்டன்வில், வடக்கே செஞ்சூரியன் ஆகியவை டோலமைட் பாறைமேல் இருக்கின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகி, இந்தப் பாறையைக் கரைத்துக்கொண்டே போகும். மிஞ்சுவது ‘வாட்’ எனப்படும் மாங்கனீசு கலந்த கறுப்பு மண், பஞ்சுபோல் இலேசானது. குழாய் ஒழுகினாலோ நிலத்தடி நீரை வெளியேற்றினாலோ அது கீழே இருக்கும் வெற்றிடத்துக்குள் சரிந்து, தரை திடீரென்று உள்வாங்கும். 1962 டிசம்பரில் வெஸ்ட் டிரீஃபோன்டெயின் சுரங்கத்தின் கல் நொறுக்கும் ஆலை அப்படியே உள்ளே போனது. 29 பேர் இறந்தார்கள்.

அதனால் இங்கே வீடு கட்டும் முன் பூமிக்குள் கனம் எங்கே குறைவு என்று ஈர்ப்பை வைத்துத் தேடுகிறார்கள். டோலமைட்டின் அடர்த்தி 2.85. அதன் நடுவே 10 மீட்டர் தடிமனுக்கு அடர்த்தி 1.85 உள்ள மண் அகலமாகக் கிடந்தால் மேலே ஈர்ப்பு 0.42 மில்லிகால் குறையும். ஒரு மில்லிகால் என்பது 0.00001 மீ/வி². 70 கிலோ ஆளின் எடையில் அந்த 0.42 மில்லிகால் என்பது 30 மில்லிகிராம் குறைவு. ஈர்ப்புமானியின் உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு சின்ன எடை அதை உணர்ந்துவிடும், 0.01 மில்லிகால் வரை.

சிக்கலெல்லாம் மற்றவற்றைக் கழிப்பதில் இருக்கிறது. பொதுவாக 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டு அளப்பார்கள். ஒவ்வொரு புள்ளியின் உயரமும் சென்டிமீட்டர் கணக்கில் தெரிய வேண்டும். ஒரு மீட்டர் உயரப் பிழை, இடையில் உள்ள பாறையின் இழுப்பைக் கழித்த பிறகும் 0.2 மில்லிகால் ஆகும், தேடும் குறையில் பாதி. நிலாவும் சூரியனும் ஒரே நாளில் 0.2, 0.3 மில்லிகால் வரை ஆட்டிவிடும், அதைக் கணக்குப்போட்டுக் கழிக்க வேண்டும். ஸ்பிரிங் வெயிலில் மெல்லத் தளரும். எனவே ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து மறுபடி அளந்து, எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பக்கத்துச் சாலையில் லாரி போனால் எண் நடுங்கும், அடங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லாம் கழித்த பிறகு வரும் வரைபடத்தில் குறைவாகத் தெரியும் இடமெல்லாம் வெற்றிடம் என்று சொல்லிவிட முடியாது. விதியில் இருப்பது நிறையும் தூரமும் மட்டும். மேலே, பக்கத்தில் இருக்கும் சின்னக் குறையும், ஆழத்தில், தள்ளி இருக்கும் பெரிய குறையும் தரையில் ஒரே எண்ணைக் கொடுக்கக்கூடும். ஈர்ப்புமானியால் அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல இயலாது. எனவே குறைவு தெரிந்த இடத்திலும், ஒப்பிட அதிகம் தெரிந்த இடத்திலும் துளை போடுகிறார்கள். துளைக்கருவி ஒவ்வொரு மீட்டர் இறங்கவும் எத்தனை நேரம் எடுத்தது, உள்ளே அடித்த காற்று திரும்பி வந்ததா, எந்த ஆழத்தில் காணாமல் போனது என்று மீட்டர் மீட்டராகக் குறித்துக்கொள்கிறார்கள். கெட்டியான பாறையில் கருவி மெதுவாக இறங்கும், வாட் மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும். அஸ்திவாரம் எப்படி, எத்தனை வீடு, குழாய் எந்தப் பக்கம் என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வார்கள்.